அனாமத்துக் கணக்கில் ஒரு வயிற்று வலி

பி.காம். படிப்பவர்களுக்கு அனாமத்துக் கணக்கு பற்றி விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக நாலு வரி. இருப்பாய்வு போடும்போது பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் ஒத்துப் போகாவிட்டால், அந்த வித்தியாசத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாது. அதற்காகத் தற்காலிகமாக ஒரு கணக்கைத் திறந்து, அதில் போட்டு வைப்பார்கள். பிழை எங்கே என்று கண்டுபிடிக்கும் வரை அந்தத் தொகை அங்கேயே கிடக்கும். அதுதான் அனாமத்து.

சிலருக்கு வயிற்று வலியும் இப்படித்தான். ரத்தப் பரிசோதனை சரி. ஸ்கேன் சரி. எண்டோஸ்கோப்பி சரி. ஆனால் வலி மட்டும் இருக்கிறது! எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் "கேஸ்", "டென்ஷன்", "வாயு" என்று ஏதாவது ஒரு பெயரில் போட்டு வைத்துவிடுவார்கள். ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதும் பெண்மணி ஒருவரின் வலி, இப்படி ஆறு வருடத்துக்கும் மேல் அனாமத்தில் கிடந்தது. இது அவருடைய கதை. பெயர் வேண்டாம். "அவர்" என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் வியாதியைப் பார்த்துவிடலாம். டாக்டர்கள் இதை அட்ஹீஷன் என்பார்கள். ஊரில் "குடல் ஒட்டிக்கிச்சு" என்பார்கள். ஊர்க்காரர்கள் சொல்வதுதான் சரியான விளக்கம் :-)

வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளின் மேல் மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. பெரிட்டோனியம் என்று பெயர். எப்போதும் ஈரமாக, வழுவழுவென்று இருக்கும். பல மீட்டர் நீளமுள்ள சிறுகுடல் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளாமல் நாள் முழுக்க நெளிந்து வேலை பார்ப்பது இந்த வழவழப்பால்தான். இந்தச் சவ்வில் காயம் பட்டால் உடம்பு உடனே ஃபைப்ரின் என்ற பசையைப் போட்டு மூடும். காயம் என்றால் கத்தி படுவது மட்டும் இல்லை. சீழ், தேங்கிய ரத்தம், உராய்வு, வயிறு திறந்திருக்கும்போது சவ்வு காய்ந்துபோவது எல்லாமே காயம்தான். அந்தப் பசை சில நாட்களில் தானாகக் கரைந்துவிட வேண்டும். கரைந்தால் ஒரு வாரம் வாக்கில் புதுச் சவ்வு வளர்ந்து பழையபடி ஆகிவிடும். கரையாத இடத்தில் பசை நாராக மாறும். அந்த நார் குடலோடு குடலையோ, குடலோடு வயிற்றுச் சுவரையோ சேர்த்துத் தைத்ததுபோல் பிடித்துக்கொள்ளும். கஞ்சி போட்டு மடித்த வேட்டி மடிப்போடு ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்குமே, அதுபோல.

இது அபூர்வமான விஷயம் இல்லை. வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் இந்த ஒட்டுதல் இருக்கும். அவர்களில் அதிகம் பேருக்கு அது இருப்பதே ஆயுள் முழுக்கத் தெரியாது. கஷ்டப்படுவது மீதி இருக்கும் சிலர்தான்.

1999இல் லான்செட் இதழில் ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்று வந்தது. 1986இல் வயிறு அல்லது இடுப்புப் பகுதியைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்ட 29,790 பேரின் கணக்கை 10 வருடங்களுக்குப் பார்த்தார்கள். ஒட்டுதலோடு தொடர்புள்ள, அல்லது ஒட்டுதலால் சிக்கலாகக்கூடிய காரணங்களுக்காக, மூன்றில் ஒருவருக்கு மேல் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். வந்தவர்கள் சுமார் இரண்டு முறை வந்திருந்தார்கள். அந்தச் சேர்க்கைகளில் "நேரடியாக ஒட்டுதலால்தான்" என்று வகைப்படுத்தியவை 5.7 சதவீதம். மற்றவை எல்லாம் "இருக்கலாம்" வகை. இந்த வியாதியின் குணமே இந்த "இருக்கலாம்"தான்.

இனி அவருடைய கதை. 2004இல் அவருக்கு 21 வயது. குடல்வால் வெடித்து, வயிறு முழுக்கச் சீழ் பரவிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றைத் திறந்து கழுவினார்கள். உயிர் பிழைத்தார். 2008இல் மகள் பிறந்தாள், சிசேரியன். ஆக, சவ்வுக்கு இரண்டு முறை காயம். அதிலும் சீழ் பரவிய வயிறு என்பது பசை கரைவதற்கு ரொம்பவே பாதகமான இடம்.

வலி தொடங்கியது 2016இல். வலது பக்கம் தொப்புளுக்குக் கீழே, ஒரு கையால் உள்ளேயிருந்து பிடித்து இழுப்பதுபோல. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் கூடும். நிமிர்ந்து கையைத் தூக்கி மேல் அலமாரியில் இருக்கும் லெட்ஜரை எடுத்தால் சுரீர் என்கும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் கொஞ்சம் அடங்கும். ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்ப வேண்டிய 20ஆம் தேதி நெருங்கும்போது மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருப்பதால் இரட்டிப்பாகும். "வேலை வந்தா வலி வருது பாரு" என்று கடையில் பேச்சு எழுந்ததும் அதனால்தான்.

வீட்டிலும் அதே கதைதான். மாமியார் கெட்டவர் இல்லை. "அம்மிணி, வாயுதான். மோர்ல பெருங்காயத்தக் கலக்கிக் குடி, சரியாப் போயிரும்" என்று அவரே கலக்கிக் கொண்டுவந்து கொடுப்பார். பத்து முறை குடித்தும் சரியாகாவிட்டால், அடுத்து எழும் சந்தேகம் வைத்தியத்தின் மேல் இல்லை, நோயாளியின் மேல். விருந்துக்குப் போனால் பந்தியில் பாதி இலையில் எழுந்துவிடுவார். "சமையல் புடிக்கலீங்களா?" என்று கல்யாண வீட்டுக்காரர்கள் மனம் கோணுவார்கள். அதற்குப் பயந்தே பல விசேஷங்களுக்குப் போவதை விட்டுவிட்டார். மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்கு இரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார முடியாமல் பின்னால் தூணில் சாய்ந்து நின்றபடியே பார்த்தார். வலியோடு வாழ்வது என்றால் பெரிய பெரிய துன்பம் என்று நினைக்க வேண்டாம். அது இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவது. தேய்மானம் மாதிரி, வருடா வருடம் கொஞ்சம்.

ஸ்கேனில் ஏன் தெரியவில்லை? ஏனென்றால் ஒட்டுதல் சாதாரண ஸ்கேனில் நேரடியாகத் தெரிவதில்லை. மெல்லிய நார் அது, கட்டியோ கல்லோ இல்லை. சி.டி. ஸ்கேனில் அடைப்பு ஏற்பட்ட குடல் வீங்கியிருப்பது தெரியும். அடைப்பு இல்லாத நாளில் எடுத்தால் "நார்மல்" என்றுதான் வரும். நிச்சயமாகப் பார்க்க வேண்டுமானால் லேப்ராஸ்கோப்பி போட்டு உள்ளே பார்க்க வேண்டும். ஆனால் அதுவே ஓர் ஆபரேஷன்!

2022 டிசம்பரில் ஒரு நாள் ராத்திரி எல்லாம் மாறியது. பக்கத்து வீட்டு விசேஷத்தில் நாலு ஆரஞ்சுச் சுளை, வெள்ளைத் தோலை உரிக்காமல் சாப்பிட்டிருந்தார். அதுதான் காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது. பத்து மணிக்கு வயிறு பிசைந்து பிசைந்து வலித்தது. பன்னிரண்டு மணிக்கு வாந்தி, பச்சையாக. வயிறு மத்தளம் போல் உப்பிவிட்டது. காற்றும் பிரியவில்லை. 108க்குப் போன் செய்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்று எடுத்த சி.டி.யில் முதல் முறையாக "நார்மல்" என்று வரவில்லை. சிறுகுடல் அடைப்பு, ஒட்டுதலால் இருக்கலாம் என்று வந்தது.

உடனே கத்தியை எடுக்கவில்லை. குடலுக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்ட அறிகுறி இல்லாவிட்டால் முதலில் காத்திருந்து பார்ப்பதுதான் இப்போதைய வழக்கம், பொதுவாக 72 மணி நேரம் வரை. மூக்கு வழியாக ட்யூப் விட்டு வயிற்றில் தேங்கியதை வெளியே எடுத்தார்கள். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடக் கிடையாது, டிரிப்ஸ் மட்டும். பிறகு அதே ட்யூப் வழியாக, எக்ஸ்ரேயில் தெரியும் ஒரு திரவத்தை உள்ளே விட்டார்கள். அது 24 மணி நேரத்துக்குள் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்தால் அடைப்பு தானாக விலகும் வாய்ப்பு அதிகம். இவருக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள் காலையில் காற்று பிரிந்தது. வார்டில் நர்சிலிருந்து பக்கத்துக் கட்டில் பாட்டி வரை எல்லோரும் சிரித்தார்கள். மனிதர் வாழ்க்கையில் இந்தச் சின்ன விஷயத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று அன்றுதான் அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தது.

மூக்கில் ட்யூபோடு பார்த்த பிறகு மாமியார் "வாயு" என்ற வார்த்தையையே விட்டுவிட்டார். ஆறு வருட வலியை நம்பாத வீடு, மூன்று நாள் ட்யூபை நம்பியது. இதில் யாரைக் குறை சொல்ல? கண்ணுக்குத் தெரிந்தால்தான் நம்புவோம் என்பது மாமியாருக்கு மட்டும் உள்ள குணம் இல்லையே.

டிஸ்சார்ஜ் ஆனதும் எழுந்த கேள்வி: ஆபரேஷன் செய்து அந்த ஒட்டுதலைப் பிரித்துவிட்டால் என்ன?

முதலில் பார்த்த சர்ஜன், "செய்யலாம்மா, லேப்ராஸ்கோப்பியிலேயே பிரிச்சு விட்டுரலாம்" என்றார். அவர் சொன்னது தப்பில்லை. அப்படிச் செய்வதும் உண்டு, நன்றாக ஆனவர்களும் உண்டு. குடும்பத்தில் எல்லோருக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஒட்டியிருக்கிறது, பிரித்துவிட்டால் தீர்ந்தது. கணக்கு நேராக இருக்கிறதே!

இவருக்கு மட்டும் ஒரு நெருடல். கணக்கு எழுதுகிறவர் இல்லையா, ஒரே ஒரு பக்கம் மட்டும் எழுதிய பதிவைப் பார்த்தால் உறுத்தும். கோயம்புத்தூரில் வயதான பெண் சர்ஜன் ஒருவரிடம் இன்னொரு கருத்துக் கேட்கப் போனார். ஒரு நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டு போனார்.

"ஏனுங் மேடம், பிரிச்சு விட்டா மறுபடி ஒட்டாதுங்களா?"

"ஒட்டலாம்மா. ஒட்டுனதே ஆபரேஷனாலதான. நான் பிரிச்சு விடற ஒவ்வொரு இடமும் ஒரு புதுக் காயம். அங்க மறுபடி அதே பசை வரும். குறைக்க வழி இருக்கு, வராமலே பண்ண வழி இல்ல."

குறைக்கும் வழிகளையும் அவரே சொன்னார். வயிற்றைத் திறப்பதைவிட லேப்ராஸ்கோப்பியில் ஒட்டுதல் குறைவு. திசுக்களை ஈரமாக வைத்து மென்மையாகக் கையாள வேண்டும். காயம் ஆறும் சில நாட்களுக்கு இரண்டு பரப்புகளும் தொடாமல் இருக்க, பிறகு கரைந்துவிடும் ஒரு மெல்லிய தாள் வைப்பதும் உண்டு. முன்பெல்லாம் ஆபரேஷன் கையுறைகளில் பவுடர் இருக்கும். அந்தப் பவுடரும் ஒட்டுதலுக்கு ஒரு காரணம் என்பதால் 2017 ஜனவரியில் அமெரிக்கா பவுடர் கையுறைகளைத் தடையே செய்துவிட்டது. இவ்வளவு செய்தும் ஒட்டுதல் பூஜ்யம் ஆவதில்லை.

பிறகு அந்த டாக்டர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். இந்தக் கதையில் முக்கியமான இடம் இதுதான். நெதர்லாந்தில் செய்து, 2003இல் லான்செட்டில் வெளிவந்தது. ஒட்டுதலால் நாள்பட்ட வயிற்று வலி இருந்த 100 பேர். எல்லோருக்கும் லேப்ராஸ்கோப்பி போட்டு உள்ளே ஒட்டுதல் இருப்பதை உறுதி செய்தார்கள். பிறகு குலுக்கல் முறையில் 52 பேருக்கு ஒட்டுதலைப் பிரித்துவிட்டார்கள். 48 பேருக்குப் பார்த்ததோடு சரி, ஒன்றும் செய்யாமல் மூடிவிட்டார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குச் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்துக் கேட்டபோது இரண்டு குழுவிலுமே வலி நன்றாகக் குறைந்திருந்தது. இரண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை!

கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய விஷயம். வெட்டியவருக்கும் குறைந்தது, வெட்டாதவருக்கும் குறைந்தது. அப்படியானால் குறைத்தது வெட்டு இல்லை. "உள்ளே பார்த்துவிட்டார்கள், பயங்கரமாக ஒன்றுமில்லை" என்ற நிம்மதி, காலம், கவனிப்பு என்று எதுவாகவும் இருக்கலாம். இதே நோயாளிகளில் தொடர்புகொள்ள முடிந்தவர்களைச் சுமார் 12 வருடம் கழித்து மறுபடி பார்த்தார்கள். அது 2017இல் வெளிவந்தது. நீண்ட காலத்தில், பிரித்துவிட்டவர்களின் நிலைமை பார்த்ததோடு விட்டவர்களைவிட மோசமாக இருந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒட்டிய குடலைப் பிரிக்கும்போது குடலிலேயே ஓட்டை விழும் அபாயம். முன்பு ஆபரேஷன் ஆன வயிற்றை மறுபடி திறக்கும்போது நூறில் ஐந்தாறு பேருக்கு இப்படி நடக்கிறது என்று 2013இல் வந்த ஒரு தொகுப்பு ஆய்வு சொன்னது. ஓட்டை விழுந்தால் ஐ.சி.யூ., சீழ், மறுபடி ஆபரேஷன், மறுபடி ஒட்டுதல்.

"அப்பொ எனக்கு ஆபரேஷனே கூடாதுங்களா?"

"அப்படிச் சொல்லலம்மா. அடைப்புக்குச் செய்யற ஆபரேஷன் வேற, வலிக்குச் செய்யற ஆபரேஷன் வேற. ரெண்டையும் ஒரே நோட்டுல எழுதாதீங்க."

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தது இந்த வார்த்தைக்குத்தான். அடைப்பு வந்து, ட்யூபுக்கும் அடங்காமல் போனாலோ, குடலுக்கு ரத்தம் போவது தடைப்பட்டாலோ, ஆபரேஷன் உயிர் காக்கும். அதில் யோசிக்க இடமே இல்லை. அடைப்பு திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தாலும் ஆபரேஷனுக்கு நியாயம் உண்டு. ட்யூபோடு சரியானவர்களைவிட ஆபரேஷன் செய்தவர்களுக்கு அடைப்பு மறுபடி வருவது குறைவு. ஆனால் தினசரி வலிக்கு என்றால் கொடுக்கும் விலை நிச்சயம், கிடைக்கும் லாபம் சந்தேகம்.

அதோடு அந்த டாக்டர் ஒரு சின்னப் பரிசோதனை செய்தார். வலிக்கும் இடத்தில் ஒரு விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, "தலையையும் தோளையும் மட்டும் தூக்குங்க" என்றார். தூக்கினார். வலி குறையவில்லை, கூடியது! வயிற்றுத் தசை இறுகும்போது உள்ளே இருக்கும் குடலுக்கு அது ஒரு கவசம். வலி குடலில் இருந்தால் குறைய வேண்டும். கூடினால் வலியின் ஒரு பங்காவது வயிற்றுச் சுவரிலேயே, பழைய தழும்புக்குப் பக்கத்தில் சிக்கிய நரம்பில் இருக்கலாம். அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டார். சில நிமிடங்களில், மேல் அலமாரிக்குக் கை தூக்கும்போது வரும் அந்தச் சுரீர் காணாமல் போனது. சாப்பிட்ட பிறகு இழுக்கும் வலி மட்டும் அப்படியே இருந்தது.

ஏழு வருடமாக ஒரே தொகையாக அனாமத்தில் கிடந்தது உண்மையில் இரண்டு தொகை. ஒன்று நரம்புக் கணக்கில் போக வேண்டியது. இன்னொன்றுதான் ஒட்டுதல் கணக்கு. முதல் சர்ஜன் சொன்னபடி ஆபரேஷன் செய்திருந்தால் ஒட்டுதல் பிரிந்திருக்கும், நரம்பு வலி அப்படியே இருந்திருக்கும், "ஆபரேஷன் பண்ணியும் வலிக்குதுங்கறா பாரு" என்ற பேச்சும் சேர்ந்திருக்கும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இவர்கள் குடும்ப வருமானம் அதற்கு மேல். ஆபரேஷன் என்றால் நகைக்கடன்தான். "பணத்துக்குப் பார்க்காத" என்று கணவர் சொன்னார். அந்த வார்த்தையே போதும், அதற்காக ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வேண்டியதில்லை என்று இவர் நினைத்தார். மனசு நிறையச் சொன்ன வார்த்தைக்குப் பதிலாக வயிற்றைத் திறந்து காட்ட முடியாதே.

2023 மே மாதம் முடிவு எடுத்தார். தன் மெடிக்கல் ஃபைலின் முதல் பக்கத்தில், கடையில் எழுதும் அதே முத்து முத்தான கையெழுத்தில் மூன்று வரி எழுதி வைத்தார்.

1. வலிக்காக மட்டும் ஆபரேஷன் இல்லை.

2. அடைப்பு வந்தால் வீட்டு வைத்தியம் இல்லாமல் உடனே ஆஸ்பத்திரி. ஆபரேஷன் தேவை என்று டாக்டர் சொன்னால் தயக்கம் இல்லை.

3. வேறு எந்தக் காரணத்துக்காக வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தாலும், 2004, 2008 ஆபரேஷன் விவரத்தை முதலில் காட்ட வேண்டும்.

இதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். அப்போது பத்தாம் வகுப்பு முடித்திருந்த மகள் அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டாள். அம்மா மயக்கத்தில் இருந்தால் யார் சொல்வது என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

வலி போய்விட்டதா? இல்லை. சுவர் வலிக்கு இரண்டு முறை ஊசி, பிறகு பயிற்சிகள். அது பெருமளவு அடங்கிவிட்டது. உள் வலிக்கு ராத்திரியில் நரம்பைச் சாந்தப்படுத்தும் சிறு அளவு மாத்திரை. மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்தாயிற்று. கீரைத்தண்டு, பலாச்சுளை, முருங்கைக்காய்ச் சக்கை, தோலோடு ஆரஞ்சு இதெல்லாம் இல்லை. கடையில் 40 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்கிறார். பந்தியில் இப்போதும் பாதி இலையில் எழுகிறார். ஆனால் இப்போது மாமியாரே முந்திக்கொண்டு, "அவளுக்குக் குடல் ஒட்டியிருக்குதுங்க, கட்டாயப்படுத்தாதீங்க" என்று சொல்லிவிடுகிறார். அந்த ஒரு வாக்கியத்தால் எந்த மாத்திரையும் தராத நிம்மதி கிடைத்ததாக அவர் சொல்வார்.

ஆபரேஷன் வேண்டாம் என்றால் பயந்தாங்கொள்ளி என்பதும், வேண்டும் என்றால் தைரியசாலி என்பதும் நம் ஊர் வழக்கம். இரண்டும் இல்லாமல், இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்து "இதற்கு வேண்டாம், அதற்கு வேண்டும்" என்று பிரிப்பவரும் இருக்கிறார். அப்படிப் பிரிக்க அவருக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு நேர்மையான டாக்டரும், கேள்வி எழுதிய ஒரு நோட்டும்தான்.

பி.கு: பேலன்ஸ் ஷீட்டுக்குக் கீழே கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி என்று ஒரு குறிப்பு போடுவோமே, அது மாதிரி இது. முன்பு வயிற்றில் ஆபரேஷன் ஆனவருக்கு விட்டு விட்டுப் பிசையும் வலி, வாந்தி, வயிறு உப்பல், காற்றும் மலமும் பிரியாமை இவை சேர்ந்து வந்தால் அது வாயு இல்லை. வலி விடாமல் நிலையாகக் கூடினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்கக் கூடாது. மோர், பெருங்காயம், ஓமவாட்டர் எதுவும் கொடுக்காமல் 108. மற்றபடி இது ஒருவர் தனக்காகப் போட்ட கணக்கு. உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், அவர்களுடைய கணக்கை அவர்கள் டாக்டரோடு உட்கார்ந்து தனியாகப் போட வேண்டும்.